பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கணவர், இந்தியப் பாஸ்போர்ட் மனைவி: ஜெர்மனியில் வேலைக்குச் சேரும்போது மனைவிக்கு எந்த விசா?

புதுவை_டு_மைன்:

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட், இப்போது புதுச்சேரியில் இருக்கிறார். திருமணம் அங்கேதான் பதிவானது. பிரெஞ்சுத் தூதரகம் வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற்றியாகிவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை உறுதியாகியிருக்கிறது, இன்னும் பத்து வாரத்தில் சேர வேண்டும். நிரந்தர ஒப்பந்தம், முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

விசா விண்ணப்ப மையத்தில் கேட்டால் 'குடும்ப இணைப்புக்கான தேசிய விசா, ஜெர்மன் மொழி ஏ1 (தொடக்க நிலை) சான்றிதழ் அவசியம்' என்கிறார்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவோ 'நீங்கள் ஐரோப்பியக் குடிமகன், உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை' என்று முடித்துவிட்டது. எனக்குத் தேவையில்லை, சரி. மனைவிக்கு?

நான் முதலில் போய்ச் சம்பளச் சீட்டு மூன்று சேர்ந்த பிறகுதான் அவர் விண்ணப்பிக்க முடியுமா, இருவரும் ஒன்றாகவே போகலாமா? அவர் அங்கே எப்போதிலிருந்து வேலை பார்க்கலாம்?


கோப்புக்கட்டு:

முதல் வேலையாக அந்த வரிசையிலிருந்து வெளியே வாருங்கள். ஏ1, குடும்ப இணைப்பு, தேசிய விசா எல்லாம் ஜெர்மன் குடிமக்களின் துணைவருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து ஜெர்மனியில் வசிப்பவர்களின் குடும்பத்துக்கும் உரிய பாதை. நீங்கள் இரண்டிலும் சேர மாட்டீர்கள். ஒரு ஒன்றிய நாட்டின் குடிமகன் இன்னொரு ஒன்றிய நாட்டுக்கு வேலைக்குப் போகிறார், மனைவி கூடவே போகிறார். இதற்கு 2004/38 என்ற ஐரோப்பிய நெறியாணை (டைரக்டிவ், அதாவது ஒன்றிய நாடுகள் பின்பற்ற வேண்டிய பொதுச் சட்டம்) இருக்கிறது, ஜெர்மனியில் அதை நடைமுறைப்படுத்தும் தனிச் சட்டமும் இருக்கிறது. மொழித் தேர்வு, வீட்டின் பரப்பளவு, குறைந்தபட்சச் சம்பளம் என்ற பேச்சே அதில் கிடையாது. கவுன்ட்டரில் இருப்பவர் முன்னால் வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வகை என்பதால் பழக்கதோஷத்தில் அதே பட்டியலை நீட்டுவார். விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரியிலேயே 'ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர், நெறியாணை 2004/38ன்படி நுழைவு விசா' என்று எழுதிவிடுங்கள்.

அந்த விசாவுக்குக் கட்டணம் கிடையாது. அதை 'இயன்றவரை விரைவாக'க் கொடுக்க வேண்டும் என்று நெறியாணையே சொல்கிறது. நான்கு வாரத்துக்கு மேல் இழுத்தால் அது நியாயமான காலம் அல்ல என்று ஐரோப்பிய ஆணையம் 2009லேயே வழிகாட்டியிருந்தது. வெளி நிறுவனம் நடத்தும் மையத்தின் வழியாகத்தான் வர வேண்டும், அதற்குச் சேவைக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. நேரடியாகச் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேட்கலாம். மையத்திலேயே சீக்கிரம் நேரம் கிடைத்தால் அந்தச் சேவைக் கட்டணத்துக்காகச் சண்டை போட வேண்டாம் என்பது என் கருத்து.

கொடுக்க வேண்டியவை: மனைவியின் பாஸ்போர்ட், படிவம், புகைப்படம், உங்கள் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்று, அவர் உங்களோடு வருகிறார் அல்லது உங்களிடம் வந்து சேர்கிறார் என்பதற்கான ஆதாரம். கடைசியாகச் சொன்னதற்கு வேலை ஒப்பந்தமும் நீங்கள் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமும் போதும். ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) விசாப் படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட கட்டங்கள் வேலை, முதலாளி, பணவசதி பற்றியவை. ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தார் அவற்றை நிரப்பத் தேவையில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். வங்கிக் கணக்கு, பயணக் காப்பீடு, விமானச் சீட்டு, ஹோட்டல் முன்பதிவு எதுவும் வேண்டாம். பயந்துபோய் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் கோப்பு சாதாரணச் சுற்றுலா விசா மாதிரித் தெரியும், அப்புறம் அந்த அளவுகோலில்தான் பார்ப்பார்கள். தேவையானதை மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு.

சம்பளச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்துக்கு உங்களுக்கே வேலை என்ற நிபந்தனை கிடையாது, பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ இருந்தால் போதும். அந்த மூன்று மாதத்தில் அவரும் உங்களோடு இருக்கலாம். ஆகவே வேலை தொடங்கும் தேதிக்கு முன்பே இருவரும் ஒன்றாகப் போய் இறங்கலாம்.

இனி திருமணச் சான்று. இதில்தான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியா 2005ல் அப்போஸ்தில் (ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகளுக்குக் காட்டும் முத்திரை) ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஆட்சேபம் தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. எனவே இந்தியச் சான்றிதழில் டெல்லியின் அப்போஸ்தில் முத்திரை வாங்கிவந்தாலும் ஜெர்மன் அலுவலகம் அதை மதிக்கக் கடமைப்பட்டதல்ல. சந்தேகம் வந்தால் தூதரகத்தின் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் மூலம் உள்ளூரில் விசாரிக்கச் சொல்வார்கள். அது பல மாதம் இழுக்கும்.

உங்களுக்கு அந்தத் தலைவலியே இல்லை. பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிவிட்டதால் உங்கள் திருமணத்துக்குப் பிரெஞ்சுச் சான்றிதழே உண்டு. பிரான்சின் நாந்த் நகரிலுள்ள, வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கான மையப் பதிவகத்தில் இணையம் வழியாக, இலவசமாக, 'பன்மொழிச் சுருக்கம்' கேட்டு வாங்குங்கள். ஒன்றிய நாடுகளுக்கிடையே இத்தகைய ஆவணங்களுக்கு அப்போஸ்தில் கேட்கக்கூடாது என்ற விதி 2019 பிப்ரவரி 16 முதல் அமலில் இருக்கிறது. பன்மொழிப் படிவமாக இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம். இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்றில் மூன்று மாதத்துக்குள் உள்ள தேதி இருக்கட்டும்.


ரைன்_மைன்_தமிழ்:

கோப்புக்கட்டு சொன்னது அப்படியே சரி. வந்து இறங்கின பிறகு நடக்கிறதை நான் எழுதுறேன்.

குடியேறின நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல முகவரிப் பதிவு, அதாவது ஆன்மெல்டுங். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்பு உறுதிச் சான்று வேணும். வாடகை ஒப்பந்தம் அதுக்கு ஈடாகாது, ரெண்டும் வேற. அந்தச் சான்றுல உங்க பேரும் மனைவி பேரும் ரெண்டுமே இருக்கணும். அவங்க பின்னால வந்தா அவங்களுக்குன்னு தனியா இன்னொண்ணு வாங்கணும். கம்பெனி முதல் மாசத்துக்குக் குடுக்குற தற்காலிக அறையிலயும், குறுகிய கால வாடகை வீடுகள்லயும் 'பதிவு பண்ணக் கூடாது'ன்னு சொல்ற ஆளுங்க நிறைய. பணம் கட்டுறதுக்கு முன்னாலயே இதைக் கேட்டுடுங்க. முகவரிப் பதிவு இல்லேன்னா பின்னாடி உள்ள எதுவுமே நகராது.

உங்களுக்கு இதோட முடிஞ்சுது. 'ஒன்றியக் குடிமகன்கிற சான்றிதழ் வாங்கணும்'னு பழைய பதிவுகள்ல பாத்திருப்பீங்க. அதை 2013லயே எடுத்துட்டாங்க.

மனைவிக்கு அடுத்த படி வெளிநாட்டவர் அலுவலகம். அவங்களுக்கு வேண்டிய அட்டையோட பேர் ஆவுஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டே. கடைசில 'கார்ட்டே'ன்னு முடியணும். 'எர்லாவ்ப்னிஸ்'னு முடியிற இன்னொண்ணு சாதாரண வதிவிட அனுமதி, அது உங்களுக்கில்லை. ஆன்லைன் படிவத்துல தப்பான பெட்டியை டிக் பண்ணிட்டா கோப்பு வேற பிரிவுக்குப் போயிடும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: 100 யூரோ கட்டணம் கேட்டா நீங்க தப்பான படிவத்துல இருக்கீங்க. கார்ட்டேக்கு ஜெர்மன்காரங்க தங்களோட அடையாள அட்டைக்குக் கட்டுறதைவிட அதிகமா வாங்கக்கூடாது.

அவங்க கேக்கலாம்னு சட்டம் சொல்றது: மனைவியோட பாஸ்போர்ட், திருமணச் சான்று, உங்க முகவரிப் பதிவு, நீங்க வேலை பாக்குறதுக்கான முதலாளி உறுதி. பயோமெட்ரிக் படமும் உண்டு. 2025 மே மாசத்துலேர்ந்து அது டிஜிட்டலாத்தான் இருக்கணும், வீட்டுல பிரிண்ட் போட்டது செல்லாது. கடைசி மூணு சம்பளச் சீட்டு, வீட்டு அளவு, சேமிப்புக் கணக்கு கேட்டா 'நான் தொழிலாளி, இந்த நிபந்தனை எனக்குப் பொருந்தாது'ன்னு மரியாதையா எழுதி அனுப்புங்க. மருத்துவக் காப்பீடும் தொழிலாளி குடும்பத்துக்கு நிபந்தனை கிடையாது, ஆனா அதைக் குடுத்துடுறதே லேசு. நீங்க அரசு சார் காப்பீட்டு நிதியில சேந்திருந்து, மனைவிக்கு வருமானம் இல்லேன்னாலோ வரம்புக்குள்ள இருந்தாலோ, உங்க காப்பீட்டுலேயே கூடுதல் சந்தா இல்லாம அவங்களையும் சேத்துக்குவாங்க. அந்த உறுதிக் கடிதத்தோட நகல் ஒண்ணு வெச்சுடுங்க.

அலுவலகத்துல நேரம் கிடைக்க மாசக்கணக்காகும், அது உங்க பிழையில்லை. ஆனா நேரம் கிடைக்கட்டும்னு சும்மா உக்காந்திருக்காதீங்க. சட்டப்படி இந்த அட்டைக்குக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது நீங்க விவரங்களைக் குடுத்த நாள்லேர்ந்து. வந்து மூணு மாசம் முடியிறதுக்குள்ள எல்லா ஆவணத்தையும் அவங்க இணையவழியில ஏத்துங்க, இல்லேன்னா பதிவுத் தபால்ல அனுப்புங்க. தேதி போட்ட அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்க. கூடவே 'விவரங்கள் பெறப்பட்டன'ங்கிற சான்று உடனே வேணும்னு ஒரு வரி சேருங்க. அதைத் தாமதமில்லாம குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. அட்டை ஆறு மாசத்துக்குள்ள வரணும். முடிவு எடுக்குறது மட்டுமில்லாம அதைக் கையில தெரிவிக்கிறதும் அந்த ஆறு மாசத்துக்குள்ளதான்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல சொல்லியாச்சு.


புதுவை_டு_மைன்:

இருவருக்கும் பெரிய நன்றி. ஏ1 வகுப்புக்குப் பணம் கட்ட இருந்தேன், நிறுத்திவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். அட்டை வரும்வரை மனைவி வேலையில் சேரலாமா? இடையில் ஒரு குடும்ப விசேஷத்துக்காக இந்தியா போய்வர வேண்டியிருக்கும், முடியுமா? தகுதிகாண் காலத்தில் வேலை போய்விட்டால் அவர் நிலைமை என்ன?


நெறியாணை_வாசகர்:

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. இந்த அட்டை உரிமையைத் தருவதில்லை, இருக்கும் உரிமைக்குச் சாட்சி சொல்கிறது, அவ்வளவே. உரிமை நீங்கள் அங்கே வேலை செய்வதிலிருந்தும், அவர் உங்கள் மனைவி என்பதிலிருந்தும் பிறக்கிறது. இது முதல் கேள்விக்குச் சாதகம், மூன்றாவதில் எச்சரிக்கை.

வேலை: நெறியாணையின் 23ஆம் பிரிவுப்படி அவர் எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். அட்டை கையில் இருப்பதை முன்நிபந்தனை ஆக்கக்கூடாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முதலாளிக்கு நெறியாணை தெரியாது. சட்டவிரோதமாக ஆள் வைத்ததாக அபராதம் வருமோ என்று பயப்படுவார். ஆகவே மேலே ரைன்_மைன்_தமிழ் சொன்ன சான்றில் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் கெஷ்டாட்டெட்', அதாவது தொழில் செய்ய அனுமதியுண்டு, என்ற சொற்களைச் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். அந்த இரண்டு சொல் இருந்தால் மனிதவளப் பிரிவுகள் மறுபேச்சு பேசுவதில்லை.

பயணம்: இங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சான்று ஜெர்மனிக்குள் செல்லும், பயண ஆவணமாகச் செல்லாது. நுழைவு விசா காலாவதியான பிறகு அதை மட்டும் வைத்துக்கொண்டு சென்னையில் விமானம் ஏற முயன்றால் விமான நிறுவனமே தடுத்துவிடும். எல்லைக்கு வந்துவிட்ட குடும்ப உறுப்பினருக்குத் தன் உறவை நிரூபிக்க நியாயமான எல்லா வாய்ப்பும் தர வேண்டும் என்று 5ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் எல்லைவரை வந்து சேர்ந்தால்தானே! ஒன்று, விசா கேட்கும்போதே பல முறை நுழையும் விசாவாக, நீண்ட செல்லுபடியோடு கேளுங்கள், கடிதத்தில் காரணத்தையும் எழுதுங்கள். அது கிடைக்காமல் விசேஷத் தேதியும் முந்திவிட்டால், இந்தியாவில் மறுபடி அதே இலவச விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான வாரங்களைப் பயணத் திட்டத்தில் ஒதுக்குங்கள். அட்டை வந்துவிட்டால் அதைக் காட்டியே ஷெங்கனுக்குள் வரலாம், விசா தேவையில்லை.

வேலை இழப்பு: தகுதிகாண் காலம் என்பதால் உங்கள் 'தொழிலாளி' தகுதி குறையாது. பகுதி நேர வேலையே போதும், அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை என்று 1982லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ஓராண்டு முடிவதற்குள் நிறுவனம் உங்களை நீக்கினால், வேலைவாய்ப்பு முகமையில் உடனே பதிவு செய்தால்தான் தொழிலாளி தகுதி மேலும் ஆறு மாதம் தொடரும். ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அந்த ஆறு மாத வரம்பு இல்லை. நீங்களே ராஜினாமா செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டு மாதத்தில் வேலை பிடிக்காமல் கடிதம் கொடுத்துவிட்டு அடுத்தது தேடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: உங்கள் தகுதி விழுந்தால் மனைவியின் உரிமையும் கூடவே விழும். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இதை விடுங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் அட்டை வரவில்லை, அல்லது தப்பான நிபந்தனையில் பிடிவாதமாக நிற்கிறார்கள் என்றால் சோல்விட் என்ற ஐரோப்பிய ஆணையத்தின் இலவசச் சேவை இருக்கிறது. இணையத்தில் புகார் கொடுத்தால் பிரெஞ்சு மையம் ஜெர்மன் மையத்தோடு பேசும். பத்து வாரத்துக்குள் தீர்ப்பது அவர்கள் இலக்கு. வழக்கு நீதிமன்றம் போய்விட்டால் எடுக்க மாட்டார்கள். ஆகவே முதலில் சோல்விட், பிறகு வழக்கறிஞர். விசா மறுப்புக்கும் எழுத்தில் காரணம் கேளுங்கள். மேல்முறையீட்டுக் காலக்கெடு அந்த மறுப்பு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும், சோல்விட் புகார் அதை நிறுத்தாது.


டார்ட்முண்ட்_செல்வன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஜெர்மன் குடியுரிமை வாங்கியாகிவிட்டது, மனைவி யாழ்ப்பாணத்தில். எனக்கும் இந்த இலவச விசா, ஏ1 இல்லாத பாதை கிடைக்குமோ? என் அண்ணாவுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அவருக்கு?


நெறியாணை_வாசகர்:

உங்களுக்கு இல்லை, தம்பி. சொந்த நாட்டிலேயே வசிப்பவருக்கு இந்த நெறியாணை பொருந்தாது. ஜெர்மன் குடிமகனாக ஜெர்மனியில் இருந்தால் ஜெர்மன் உள்நாட்டுச் சட்டம்தான், ஏ1ம் அதில்தான் வருகிறது. பிரெஞ்சுக்காரருக்கு ஜெர்மனியில் கிடைப்பது ஜெர்மன்காரருக்குக் கிடைக்காது என்பது கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். நீங்கள் நெதர்லாந்துக்கோ பெல்ஜியத்துக்கோ வேலைக்குப் போனால் அங்கே உங்களுக்கு இதே உரிமை உண்டு. மனைவியோடு அங்கே மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே குடும்பம் நடத்தி, அங்கே தொழிலாளியாக இருந்து, பிறகு ஜெர்மனி திரும்பினால் அந்த உரிமை உங்களோடு திரும்பிவரும் என்று 1992லும் 2014லும் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வார இறுதிகளில் போய்வந்தது அதில் சேராது. ஏ1ஐத் தவிர்ப்பதற்காக மட்டும் நாடு மாறுவது கணக்குக்கு ஒத்துவராது. தேர்வை எழுதிவிடுவது மலிவு.

அண்ணாவுக்கும் இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் 2021 ஜனவரி 1லிருந்து இந்த நெறியாணைக்கு வெளியே. 2020 டிசம்பர் 31க்குள் ஒன்றிய நாடொன்றில் குடியேறி அங்கேயே தொடர்பவர்களுக்குப் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபோது செய்த ஒப்பந்தத்தின்படி வேறு கணக்கு.


லில்_தோழி:

இன்னொரு கிளைக் கேள்வி. துணைவர் புதுச்சேரியில் இல்லாமல், ஏற்கெனவே பிரான்சில் பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி என்ற வதிவிட அட்டையோடு இருந்தால்?


கோப்புக்கட்டு:

அப்படியானால் ஜெர்மனிக்குள் வர விசாவே வேண்டாம். செல்லுபடியாகும் பிரெஞ்சு வதிவிட அட்டையோடு ஷெங்கனுக்குள் 180 நாளில் 90 நாள் நடமாடலாம். வந்து முகவரி பதிந்து, அந்த மூன்று மாதத்துக்குள் கார்ட்டேக்கு விவரம் கொடுங்கள். ஒரு பிழை மட்டும் வேண்டாம்: அந்தப் பிரெஞ்சு அட்டை 2004/38ன்கீழ் வந்தது என்று எண்ணி ஷெங்கனுக்கு வெளியே, உதாரணமாக அயர்லாந்துக்கு, விசா இல்லாமல் கிளம்புவது. பிரெஞ்சுக்காரரின் மனைவிக்குப் பிரான்ஸ் தருவது உள்நாட்டுச் சட்ட அட்டை. ஜெர்மன் கார்ட்டே வரும்வரை பிரெஞ்சு அட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.


ரைன்_மைன்_தமிழ்:

மூல கேள்விக்காரருக்கு ரெண்டு விட்டுப்போன விஷயம்.

வரி வகுப்பு, அதாவது மாசாமாசம் சம்பளத்துல எவ்வளவு வரி பிடிக்கணும்னு தீர்மானிக்கிற எண். மனைவி இந்தியாவுல இருக்கிறவரைக்கும் உங்களை வரி வகுப்பு ஒண்ணுலதான் வெப்பாங்க, கல்யாணம் ஆனவர்னு சொல்லிப் பயனில்லை. அவங்க வந்து முகவரி பதிஞ்ச பிறகு ரெண்டு பேருக்கும் வகுப்பு நாலு தானா வரும். அவங்க வேலைக்குப் போகலேன்னா, உங்களுக்கு மூணு, அவங்களுக்கு அஞ்சுங்கிற சேர்க்கைக்கு வரி அலுவலகத்துல நீங்கதான் விண்ணப்பிக்கணும். சம்பளச் சீட்டுல கைக்கு வர்ற தொகையே மாறும், ஆண்டுக் கணக்குல கடைசியா எல்லாம் சரியாயிடும். ஆகவே முகவரிப் பதிவுக்குப் போறப்பவே திருமணச் சான்றையும் கொண்டு போங்க. அதைக் காட்டலேன்னா பதிவேட்டுல 'குடும்ப நிலை தெரியவில்லை'ன்னு விழும், வரி வகுப்பும் தப்பா வரும்.

அடுத்தது நம்ம ஊர்ப் பிரச்சினை, பேர். நம்மாளுங்க பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இடம் காலியா இருக்கும், இல்லேன்னா அப்பா பேர் அங்கே இருக்கும். திருமணச் சான்றுல வெறும் இனிஷியல். ஜெர்மன் அலுவலகத்துக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது, ரெண்டு வேற ஆளுன்னு நினைப்பாங்க. அவங்க எடுத்துக்கிறது பாஸ்போர்ட்ல கீழே இயந்திரம் படிக்கிற ரெண்டு வரியைத்தான். முகவரிப் பதிவுல என்ன விழுதோ அதுதான் காப்பீட்டு அட்டை, வங்கி, வரி எண் எல்லாத்துக்கும் போகும். மாத்தணும்னா விசா ஒட்டுறதுக்கு முன்னால இந்தியாவிலேயே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு பண்ணிடுங்க. விசா ஒட்டின பிறகு பண்ணினா ரெண்டு பாஸ்போர்ட்டையும் சேத்துத் தூக்கிட்டு அலையணும். நாந்த் சுருக்கத்துல உள்ள எழுத்துக் கூட்டலும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகுதான்னு இன்னைக்கே பாருங்க. அதுல திருத்தம்னா வாரக்கணக்காகும்.

வீடு கிடைச்ச அன்னிக்கே தபால் பெட்டியில ரெண்டு பேர் பேரையும் ஒட்டிடுங்க. வரி எண், காப்பீட்டு அட்டை, வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் எல்லாம் தபால்லதான் வரும். பெட்டியில பேர் இல்லேன்னா தபால்காரர் திருப்பி அனுப்பிடுவார், நீங்க பாட்டுக்கு அலுவலகத்தைத் திட்டிட்டு இருப்பீங்க.


புதுவை_டு_மைன்:

இப்போதுதான் பார்த்தேன். நாந்த் சுருக்கத்தில் மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறது, என் மாமனார் பெயரில் மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அதற்குத் திருத்தம் கேட்க வேண்டுமா?


கோப்புக்கட்டு:

விசாவுக்கும் கார்ட்டேக்கும் பார்ப்பது உங்கள் இருவரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், திருமணத் தேதி. மாமனார் பெயருக்காகக் கோப்பை நிறுத்த வேண்டாம். விசா விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புங்கள், திருத்த மனுவை நாந்த்துக்குத் தனியாகப் போட்டு வையுங்கள்.